கச்சானை முகத்தில் வாங்கிப் புறப்படுங்கள்: இராமநாதபுரம் கரையில் மவுண்டன் பைக் பந்தயமும் குடும்பமும்

ஒன்றரை மணி நேரம் சைக்கிள் ஓட்டப் போகிறவருக்கு வீட்டில் மொத்தம் எவ்வளவு நேரம் செலவாகிறது என்று ஒரு வாரம் எழுதி வைத்துப் பாருங்கள். டயரில் காற்று இல்லை, பாட்டில் கழுவவில்லை, கையுறையைக் காணோம் என்று தேடுவதில் இருபது நிமிடம். வழியில் ஒரு கருவேல முள். வந்தபின் மணலும் உப்பும் படிந்த வண்டியைக் கழுவ அரை மணி. அப்புறம் குளியல், பசி, ஐந்து நிமிடம் படுக்கிறேன் என்று கண்ணயர்வது. கூட்டினால் மூன்று மணியைத் தொட்டுவிடும். வீட்டில் வரும் மனத்தாங்கல் பெரும்பாலும் அந்த ஓரத்து நேரத்தால்தான் வருகிறது. ஓட்டும் நேரத்தில் கை வைக்காமல் இந்த ஓரத்து நேரத்தைச் சுருக்குவது எப்படி என்பதுதான் இங்கே பேச்சு. எங்கள் கரையில் அதற்கு மூன்று எதிரிகள்: முள், உப்பு, காற்று. காற்றை, முக்கியமாகத் தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சானை, மட்டும் நண்பனாக்கிக்கொள்ளலாம்.

வயதுப் பிரிவில் போட்டியிடும் அமெச்சூர் ஒருவருக்கு வாரம் ஆறு மணி நேரம் வண்டியில் உட்கார முடிந்தால், கரடுமுரடான தடத்தைப் பல சுற்று சுற்றும் கிராஸ் கன்ட்ரி பந்தயத்துக்குப் போதும். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மவுண்டன் பைக் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது ஆண்கள் பந்தயம் இரண்டேகால் மணி நேரத்தைத் தாண்டி ஓடியது. இன்று உலகத் தரத்து எலீட் வீரர்களே 80 முதல் 100 நிமிடம்தான் ஓட்டுகிறார்கள். அமெச்சூர் பிரிவுகளுக்கு அதைவிடக் குறைவு. பந்தயம் சுருங்கி வேகம் கூடிவிட்டதால், இருபது முப்பது நொடிக்கு முழுப் பலத்தையும் கொடுத்து, மூச்சு வாங்கி, மறுபடியும் கொடுக்கும் திறன்தான் வேண்டியிருக்கிறது. அதைச் சின்னச் சின்ன நேரத் துண்டுகளில் வளர்க்கலாம். 80 கிலோமீட்டர் மாரத்தான் பந்தயத்தின் மேல் ஆசை இருந்தால் அதற்கு வாரம் பத்து மணியாவது வேண்டும். பிள்ளைகள் பள்ளிப் பருவத்தில் இருக்கும்வரை அதைத் தள்ளி வைப்பதே நல்லது என்பது என் கருத்து.

அந்த ஆறு மணியைப் பிரிப்பது எளிது. செவ்வாயும் வியாழனும் அதிகாலை ஒரு மணி நேரம், சனி மாலை பிள்ளைகளோடு ஒரு மணி நேரம், ஞாயிறு விடியலில் மூன்று மணி நேரம். இரண்டு நாள் இரவில் இருபது நிமிடம் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து எழுதல், ஒற்றைக் கால் பாலம் (மல்லாந்து படுத்து ஒரு காலை ஊன்றி இடுப்பை உயர்த்துவது), பிளாங்க். அவ்வளவுதான். தவறிப்போன பயிற்சியை மறுநாளுக்குக் கடத்தக் கூடாது. செவ்வாய் போனால் போனதுதான். அதைப் புதனில் நுழைத்தால் வியாழன் கெடும், வீட்டின் கணக்கும் கெடும். இரவு குழந்தைக்குக் காய்ச்சல், நாலு மணி நேரம்தான் தூக்கம் என்றால் காலையில் இன்டர்வல், அதாவது விட்டு விட்டு முழு வேகத்தில் ஓட்டும் பயிற்சி, கிடையாது. தூங்காத உடம்பில் செய்யும் கடும் பயிற்சி பலத்தைக் கூட்டாது, சளியைத்தான் கொண்டுவரும்.

செவ்வாய்க்குக் கண்மாய்க் கரை. மலை இல்லாத மாவட்டத்தில் ஏற்றத்துக்கு எங்கே போவது என்று கேட்பவர்கள் ஊர்க் கண்மாயின் உட்சரிவைப் போய்ப் பார்க்க வேண்டும். மூன்று நான்கு மீட்டர் உயரம்தான், ஆனால் மாடு இறங்கும் தடங்களில் சரிவு கிராஸ் கன்ட்ரி தடத்தின் செங்குத்து ஏற்றத்துக்குக் குறையாது. பதினைந்து நிமிடம் மெதுவாக ஓட்டி உடம்பைச் சூடாக்கிவிட்டு, கீழிருந்து உட்கார்ந்தபடியே ஏறுங்கள். பின்சக்கரம் வழுக்கினால் பிட்டத்தை இருக்கையின் முன்முனைக்கு நகர்த்தி, முழங்கையைத் தாழ்த்த வேண்டும். எழுந்து நின்றால் பின்சக்கரத்தின் பிடி போய்விடும். கரை மேல் வந்ததும் நிறுத்தாமல் நூறு மீட்டர் அழுத்திவிட்டு இறங்குங்கள். ஆறு ஏற்றம், ஐந்து நிமிட ஓய்வு, மறுபடி ஆறு. இறங்கும்போது பார்வை முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது, சரிவு முடியும் இடத்தில் இருக்க வேண்டும். உபரி நீர் வழியும் கலுங்கின் படிக்கட்டுகள் தண்ணீர் இல்லாத காலத்தில் சின்ன டிராப், அதாவது வண்டியோடு படியிலிருந்து கீழே இறங்குவது, பழக நல்ல இடம். பாசி காய்ந்திருக்கிறதா என்று காலால் தேய்த்துப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

எந்தக் கண்மாய் என்பதிலும் யோசனை வேண்டும். சக்கரக்கோட்டை, தேர்தங்கல், காஞ்சிரங்குளம், சித்திரங்குடி போன்றவை பறவைகள் சரணாலயம். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் கூடு கட்டும் மாதங்களில் அங்கே கரையில் வண்டி ஓட்டவே வேண்டாம். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பேர் வாங்கிய ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாய் போன்றவற்றில் கரை நீளம் என்பதால் தொடர்ந்து வேகம் பிடிக்கலாம். மழை பெய்த வாரத்தில் எந்தக் கரையிலும் ஏறாதீர்கள். ஈரக் கரையில் டயர் போடும் பள்ளம் அடுத்த மழையில் அரிப்பாக மாறும், ஊர்க்காரர் கோபத்திலும் நியாயம் இருக்கும். விடியாத நேரத்தில் புல்லுக்குள் கால் ஊன்றாதீர்கள். விரியன் நடமாடும் இடம் அது. 800 லூமன் விளக்கு கைப்பிடியில் ஒன்று, தலைக்கவசத்தில் சின்னதாக ஒன்று. கைப்பிடி விளக்கு திருப்பத்தில் நேராகவே பார்க்கும், தலை விளக்குதான் நீங்கள் போகும் பக்கம் பார்க்கும்.

வியாழனுக்கு 30/15. முப்பது நொடி கடுமை, பதினைந்து நொடி தளர்வு, இப்படிப் பதின்மூன்று முறை. இது ஒரு செட். ஒன்பதரை நிமிடம் ஆகும். மூன்று நிமிட இடைவெளி விட்டு மொத்தம் மூன்று செட். உடம்பைச் சூடாக்குவது, ஆற்றுவது சேர்த்து ஒரு மணிக்குள் முடிந்துவிடும். பலர் முதல் செட்டில் முழு வேகத்தையும் கொட்டிவிட்டு மூன்றாவதில் காற்றுப்போன பலூனாகிவிடுகிறார்கள். முதல் செட்டின் நாலாவது முயற்சியில் வேகம், கடைசி செட்டின் பன்னிரண்டாவது முயற்சியிலும் அதே வேகம் என்று இருக்க வேண்டும். மனசுக்கு மெதுவாகத் தெரிகிற வேகத்தில் ஆரம்பித்தால் சரியாக வரும். குறுக்குச் சாலை இல்லாத நேர்த்தடம் வேண்டும். பாம்பன் சாலைப் பாலத்தில் ஏற்றம் இருக்கிறதே என்று சிலர் போகிறார்கள். 1988-ல் திறந்த அந்தப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், நடுவில் உயர்ந்து இறங்கும், பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் படம் எடுக்க எந்த நொடியிலும் நிற்கும் வண்டிகளும், கைப்பிடியைப் பிடுங்கும் பக்கக்காற்றும் சேர்ந்த இடத்தில், நெஞ்சு படபடக்கத் தலை குனிந்து ஓட்டுவது ஆபத்து.

இனி காற்று. வைகாசி கடைசியிலிருந்து புரட்டாசி வரை தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும். மழைக்காலத்திலும் தையிலும் வடகிழக்கிலிருந்து வாடை. பயிற்சிக்கும் வீட்டுக்கும் ஒரே விதி: எதிர்காற்றில் புறப்பட்டு, காற்றை முதுகில் வாங்கித் திரும்புங்கள். கச்சான் காலத்தில் இராமநாதபுரத்திலிருந்து திருப்புல்லாணி, ஏர்வாடி பக்கம். வாடை காலத்தில் தேவிபட்டினம் பக்கம். எதிர்காற்றில் போனால் கடின வேலை தெம்பு இருக்கும்போதே முடிகிறது, திரும்பும் வேகம் கூடுவதால் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிடலாம். காற்று தள்ளிக்கொண்டு போகும் பக்கம் முதலில் போனவர், நாற்பது நிமிடத்தில் போன தூரத்துக்குத் திரும்ப ஒரு மணிக்கு மேல் எடுத்து, ஏழே முக்காலுக்கு வாசலில் வந்து நிற்பார். பிள்ளைகளின் பள்ளி வேன் போயிருக்கும். அதனால் எங்கே திரும்புவது என்பதைத் தூரம் வைத்து முடிவு செய்யாமல் கடிகாரம் வைத்து முடிவு செய்யுங்கள். ஒரு மணி நேர சவாரியில் எதிர்காற்றுக்கு 34 நிமிடம், திரும்ப 26. நிலம் சூடேறச் சூடேறக் கடற்காற்று வலுக்கும் என்பதால் எட்டு மணிக்கு மேல் இந்தக் கணக்கும் ஒத்து வராது.

நீண்ட ஏற்றத்துக்கு எங்களிடம் உள்ள ஒரே மாற்று கச்சான்தான். ஞாயிற்றுக்கிழமை எதிர்காற்றில் கனமான கியர் போட்டு, நிமிடத்துக்கு 55 முதல் 60 சுற்று மிதியில், இருபது நிமிடம் வீதம் இரண்டு முறை. நாலைந்து வார்த்தை பேச முடிய வேண்டும், முழு வாக்கியம் பேச முடியக் கூடாது. அதுதான் கடுமையின் அளவு. முட்டிக்கு மேல் வலி எடுத்தால் இருக்கை தாழ்வாக இருக்கிறது, கியரும் கனம். சுற்றை 70-க்கு ஏற்றுங்கள்.

மணலைப் பற்றி. உச்சிப்புளி, மண்டபம் பக்கம் பனங்காட்டுத் தடங்களில் ஒரு கிலோமீட்டர் ஓட்டினால் தார்ச்சாலையில் மூன்று கிலோமீட்டர் ஓட்டிய களைப்பு வரும், வண்டியைக் கட்டுப்படுத்தும் பழக்கமும் வரும். எழுபது கிலோ எடைக்கு 29 அங்குல 2.35 டயரில், உள்ளகலம் 28 முதல் 30 மில்லிமீட்டர் ரிம்மில், வழக்கமாக முன்னே 20, பின்னே 22 பிஎஸ்ஐ. மணலுக்கு முன்னே 15, பின்னே 17 வரை இறக்கலாம். அதே காற்றோடு கல் தடத்துக்கோ கலுங்குக்கோ போனால் ரிம் அடிபடும். மணலுக்குள் நுழையும் முன்பே வேகமும் கியரும் தயாராக இருக்க வேண்டும். உள்ளே போனபின் கியர் மாற்றினால் செயின் இழுபட்டு நிற்கும். எடையைக் கொஞ்சம் பின்னே வைத்து, கைப்பிடியைத் தளர்வாகப் பிடித்து, இடுப்பால் திருப்புங்கள். முன்பிரேக்கைத் தொட்டால் சக்கரம் புதைந்து ஆள் முன்னே போய்விடுவார். கடலோர ஈர மணல் இறுகலாக இருக்கிறதே என்று ஓதம் வடிந்த நேரத்தில் அலையோரம் ஓட்டுவது மட்டும் கூடவே கூடாது. ஒரு காலை நேரக் கடல்நீர், மிதியின் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டின் ஆயுளில் பல மாதங்களைத் தின்றுவிடும். ராவணன் மீசையும் அடம்பன் கொடியும் படர்ந்த மணல்மேட்டிலும் ஏறாதீர்கள். அந்தக் கொடிதான் மேட்டைப் பிடித்து வைத்திருக்கிறது, ஆமை முட்டையிட வருவதும் அந்தப் பக்கம்தான்.

முள்ளுக்கு வருவோம். சீமைக்கருவேலம் இல்லாத தடம் இங்கே கிடையாது. கரி மூட்டம் போடும் இடங்களுக்கு அருகே வெட்டிய சிம்புகள் தடம் முழுக்கச் சிதறிக் கிடக்கும். மூட்டப் புகை கண்ணில் பட்டால் அந்தத் தடத்தை விட்டுவிடுங்கள். மழைக்குப் பின் நெருஞ்சி. ட்யூப் போட்ட டயரோடு இங்கே பந்தயப் பயிற்சி செய்வது, செலவைவிட நேரத்துக்குக் கேடு. ட்யூப்லெஸ் ஆக்கி, 29-க்கு 2.3 டயர் ஒன்றுக்கு 100 மில்லி சீலண்ட் (ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் திரவம்) ஊற்றுங்கள். பாட்டிலின் மேல் மூன்று முதல் ஆறு மாதம் என்று போட்டிருப்பதை எங்கள் வெயிலுக்கு நம்ப வேண்டாம். ஆறு வாரத்துக்கு ஒருமுறை வால்வின் உள்மையத்தைக் கழற்றி, மெல்லிய கேபிள் டையை உள்ளே விட்டு எடுங்கள். நுனி நனையவில்லை என்றால் 50 மில்லி சேர்க்க வேண்டும். ஊற்றும் முன் பாட்டிலை ஒரு நிமிடம் குலுக்குங்கள். ஓட்டையை அடைக்கும் துகள் எல்லாம் அடியில் தங்கியிருக்கும், குலுக்காவிட்டால் வெறும் திரவம்தான் டயருக்குள் போகும்.

டயரில் முள் குத்தி நிற்பதைப் பார்த்ததும் பிடுங்காதீர்கள். காற்று இறங்கவில்லை என்றால் அதுவே அடைப்பாக இருக்கட்டும். வீட்டுக்கு வந்து நோஸ் பிளையரால் ஒவ்வொன்றாக எடுத்து, எடுத்த இடத்தைத் தரைப்பக்கம் திருப்பி அரை நிமிடம் வைத்தால் சீலண்ட் வந்து மூடும். சீலண்டால் மூட முடியாதது பனைமட்டைக் கருக்கு. காய்ந்து விழுந்த மட்டையின் ரம்பப் பல் டயரின் பக்கச்சுவரைக் கிழிக்கும். ஓரமாகக் கிடக்கும் மட்டை மேல் முன்சக்கரம் ஏறினால் அது எழும்பிப் பின்சக்கரத்துக்குள் வரும். சின்னக் கிழிசலுக்கு ரப்பர் பிளக் இரண்டு சேர்த்துச் செருகலாம். பெரிதென்றால் உள்ளே பழைய டயர்த் துண்டை வைத்து ட்யூப் போட வேண்டியதுதான். அப்போது அவசரப்படாதீர்கள். ட்யூப்லெஸ்ஸாக ஓடிய டயரின் உட்புறத்தில் முறிந்த முள் முனைகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். நாள்பட நாள்படச் சேர்ந்தவை. ஒரு துணியை உட்புறம் முழுக்கச் சுற்றித் தடவினால் மாட்டும் இடம் தெரியும். அத்தனையையும் எடுத்த பிறகே ட்யூப். இல்லாவிட்டால் புது ட்யூப் நூறு மீட்டர்கூடத் தாங்காது. பையில் ஒரு சின்னப் பித்தளை அடாப்டர் இருக்கட்டும். மெல்லிய பிரெஸ்டா வால்வை அதைப் போட்டுத்தான் பஞ்சர் கடை, பெட்ரோல் பங்க் குழாயில் காற்றடிக்க முடியும்.

உப்பு இன்னும் நுணுக்கமானது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கசியும். கடற்கரையில் இரவில் ஈரப்பதம் பெரும்பாலும் அதற்கு மேல்தான். அதாவது வண்டி காய்ந்த மாதிரி தெரிந்தாலும், போல்ட் இடுக்கில் படிந்த உப்பு ராத்திரி முழுக்க உலோகத்தை நனைத்துக்கொண்டே இருக்கிறது. அலுமினியமும் இரும்பும் தொடும் இடத்தில் அந்த ஈரம் இரண்டையும் ஒட்ட வைத்துவிடும். இருக்கைக் கம்பம், மிதி, கைப்பிடியைத் தாங்கும் ஸ்டெம்மின் போல்ட் இவற்றை மாதம் ஒருமுறை கழற்றி, படகு இஞ்சினுக்குப் போடும் தண்ணீர் தாங்கும் கிரீஸ் தடவி மறுபடி பூட்டுங்கள். கார்பன் கம்பம் என்றால் கிரீஸ் ஆகாது, கார்பன் பேஸ்ட் வேண்டும். இடது மிதியின் மரை தலைகீழ் என்பதை நினைவில் வையுங்கள். ஸ்டெம் போல்ட்டுக்குப் பொதுவாக 5 நியூட்டன் மீட்டர். எண் ஸ்டெம்மிலேயே அச்சாகியிருக்கும்.

கழுவும் தண்ணீரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. எங்கள் பக்கம் பல வீட்டு போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவினால் மணல் போகும், உப்பு கூடும். நல்ல தண்ணீரோ முறை வைத்து வருவது, குடம் கணக்கில் வாங்குவது. அதை எடுத்து வாளி வாளியாகச் சைக்கிளுக்கு ஊற்றினால் வீட்டில் யார்தான் பொறுப்பார்கள்? செடிக்குத் தெளிக்கும் இரண்டு லிட்டர் கை ஸ்பிரேயர் ஒன்று வாங்குங்கள். அதில் நிரப்ப ஏசி குழாயில் சொட்டும் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். அது காற்றின் ஈரம் குளிர்ந்து வந்த தண்ணீர், உப்பு கிடையாது. திரும்பி வந்ததும் முதலில் காய்ந்த தூரிகையால் மணலைத் தட்டிவிடுங்கள். நனைத்த பின் தேய்த்தால் மணல், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் கால்களைக் கீறும். பிறகு மேலிருந்து கீழாக ஒரு லிட்டர் தெளித்து, பழைய பனியன் துணியால் துடைத்து, வெயிலில் கால் மணி நேரம். ஹப் (சக்கரத்தின் குடம்), ஹெட்செட் (கைப்பிடி திரும்பும் பேரிங்) ஓரங்களில் வேகமாகப் பீய்ச்சினால் தண்ணீர் சீலைத் தாண்டி உள்ளே போகும். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம். ஃபோர்க்கின் கீழ்க்கால் ஆயிலை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

செயினுக்கு எண்ணெய் போட்டால் மணல் ஒட்டி அரைக்கும் பசையாகிவிடும். பல்சக்கரம் சீக்கிரம் தேயும். மெழுகுதான் இங்கே சரி. புதுச் செயினின் தொழிற்சாலை கிரீஸை டர்பன்டைனில் முழுக்கக் கழுவி, ஸ்பிரிட்டில் அலசிக் காய வைத்து, உருகிய சுத்தமான பாரஃபின் மெழுகில் போட்டுக் குமிழி நிற்கும்வரை, சுமார் பத்து நிமிடம், விடுங்கள். மெழுகுப் பாத்திரத்தை நேராக நெருப்பில் வைக்காதீர்கள், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வையுங்கள். சமையல் பாத்திரம் எதையும் தொடாதீர்கள், இதற்கென்று பழையது ஒன்று. மூன்று செயினை ஒரே நாளில் மெழுகிட்டு மாற்றி மாற்றிப் போட்டால் மாதத்தில் ஒரு மாலை மட்டுமே இதற்குப் போகும். செயினைக் கழற்றிப் பூட்டும் கண்ணியான குயிக் லிங்க் சில ரகங்களில் ஒருமுறைதான் பூட்டலாம், உறையில் பாருங்கள். மெழுகுச் செயினை ஈரத்தோடு விட்டால் ஒரே ராத்திரியில் துரு ஏறும் என்பது இதன் குறை. 11, 12 வேகச் செயினைத் தேய்மான அளவுகோலில் 0.5 காட்டியதும் மாற்றிவிட்டால் கேசட் (பின்சக்கரப் பல்சக்கர அடுக்கு) தப்பிக்கும்.

இவை அத்தனையும் முதல் நாள் இரவே முடிந்திருக்க வேண்டும். காற்று, பாட்டில், விளக்கு சார்ஜ், உடை எல்லாம் ஒரே கூடையில் வாசல் அறையில். காலை 4.40-க்கு எழுந்து 4.55-க்கு வண்டியில் இருக்கலாம், யார் தூக்கமும் கெடாது. பாட்டிலில் 750 மில்லி தண்ணீருக்கு 45 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, அரை எலுமிச்சை. கால் டீஸ்பூன் உப்பில் ஏறக்குறைய 600 மில்லிகிராம் சோடியம் இருக்கும். சித்திரை வைகாசியில் இது ஒரு மணி நேரத்துக்குச் சரி. பாதி பாட்டிலை இரவே ஃபிரீசரில் படுக்க வைத்து உறைய வையுங்கள். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடிப்பது ஆபத்து. வியர்வையில் போன உப்பு ஈடாகாமல் தலைவலியும் குமட்டலும் வரும். போகும் முன்னும் வந்த பின்னும் எடை பாருங்கள்: ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒரு லிட்டர் பற்றாக்குறை. கருப்பட்டி பாட்டிலில் கரைத்தால் வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும். அதைக் கடலை மிட்டாயோடு சட்டைப்பையில் வைத்துக்கொள்வது மேல். பதநீரைத் திரும்பி வந்து குடியுங்கள்.

வீட்டில் பேசும்போது நேரத்தை நேரமாகவே சொல்லுங்கள். “வெயிலுக்கு முன்னாடி வந்துருவேன்” என்றால் அடுப்படியில் நிற்பவருக்கு அது ஒரு தகவலே இல்லை. “ஏழு மணிக்கு வாசல்ல நிப்பேன், சாப்பாட்டு டப்பா நான் கட்டுறேன்” என்றால் அவர் தன் காலையைத் திட்டமிட முடியும். நீங்கள் ஓட்டும் ஆறு மணி நேரத்தில் இன்னொருவர் பிள்ளையை எழுப்பி, குளிப்பாட்டி, டிபன் கொடுக்கிறார். அந்த ஆறு மணியை அவருக்குத் திருப்பித் தர வேண்டும். வீட்டு வேலையில் ஒத்தாசை செய்வதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது, அது எப்படியும் செய்ய வேண்டியது. அவர் நடக்கப் போகலாம், தூங்கலாம், தங்கச்சி வீட்டுக்குப் போகலாம், அந்த நேரத்தில் “சாம்பார் பொடி எங்க இருக்கு?” என்று போன் அடிக்காமல் இருப்பதும் இதில் அடக்கம். பந்தயக்காரர் அம்மா என்றால் இந்தப் பேச்சு இன்னும் அழுத்தமாக நடக்க வேண்டும். பெண் விடியலில் வெளியே போவதற்கு அத்தை, மாமாவிடமும் விளக்கம் சொல்ல வேண்டிய வீடுகள் உண்டு. அதைக் கணவர் சொல்லட்டும். வழியும் திரும்பும் நேரமும் போனில் லைவ் லொகேஷனாக இருவருக்கும் தெரியட்டும்.

தண்ணீர் வரும் முறை நாளில் சவாரி வைக்காதீர்கள். மோட்டார் போட்டுக் குடம் நிரப்ப இரண்டு ஆள் வேண்டிய நேரம் அது. சனி மாலையைப் பிள்ளைகளுக்கே விட்டுவிடுங்கள்: கண்மாய் உள்வாயில் நாலு செங்கல்லை வளைவாக அடுக்கி அவர்கள் சுற்ற, நீங்கள் பின்னால் மெதுவாகச் சுற்றினால் அதுவே உங்களுக்கு ஓய்வுச் சவாரி, வளைவுப் பயிற்சியும்கூட. ரமலானில் நோன்பு வைப்பவர்கள் கடும் பயிற்சியை நோன்பு திறந்த பின் இரவுக்கு மாற்றி, பகலில் இப்தாருக்கு முந்தைய முக்கால் மணி நேரம் மட்டும் மிக மெதுவாக ஓட்டலாம். அந்த மாதம் பலம் கூட்டும் மாதம் அல்ல, இருப்பதைக் காக்கும் மாதம்.

பந்தய நாட்காட்டியை வீட்டு நாட்காட்டிக்குப் பக்கத்தில் வைத்துத்தான் நிரப்ப வேண்டும். மாசிச் சிவராத்திரிக்குக் குலசாமி கோயில், மார்ச்சில் பொதுத் தேர்வு, ஆடி ஆவணியில் ஊர் முளைக்கொட்டு, வைகாசியிலும் ஆவணியிலும் தையிலும் முகூர்த்தங்கள். இவை போக மிஞ்சுவதில் ஆண்டுக்கு இரண்டு பந்தயம், மிஞ்சினால் மூன்று. பந்தயத்துக்கு முந்தைய பத்து நாள் ஓட்டும் நேரத்தைப் பாதியாக்குங்கள், ஆனால் 30/15-ஐ ஒரு செட்டாவது வைத்திருங்கள். கடுமை முற்றிலும் நின்றால் கால் மந்தமாகும். மிச்சமாகும் நேரத்தை வீட்டுக்குக் கொடுங்கள்.

பந்தயத்துக்கு நாலைந்து வாரம் முன்னால் ஒருமுறை மலைக்குப் போயாக வேண்டும். சிறுமலையோ கொடைக்கானலோ, குடும்பத்தோடு இரண்டு நாள். விடியலில் ஓட்டிவிட்டு அவர்கள் எழும் நேரத்துக்கு விடுதிக்கு வந்துவிடலாம். காப்புக் காட்டுத் தடத்துக்கு வனத்துறை அனுமதி வேண்டும், அது இல்லாமல் இறங்காதீர்கள். இந்தப் பயணத்தின் பெரிய பயன் ஏற்றத்தைவிட இறக்கம். சமவெளியில் ஓட்டும் வண்டியின் பிரேக் ஒருபோதும் உண்மையாகச் சூடாவதில்லை. புது பிரேக் பேட் போட்டால் சமதளத்திலேயே நல்ல வேகத்தில் இருபது முறை, சக்கரம் பூட்டாமல், நடை வேகத்துக்கு இறக்கிப் பழக்குங்கள். மீன் வண்டி ஒழுகிய தண்ணீர், பேட் பிடிக்கும் வட்டத் தகடான ரோட்டாரில் தெறித்திருந்தால் ஸ்பிரிட்டால் துடையுங்கள். பேட் எண்ணெய் குடித்துவிட்டால் மாற்றுவதே வழி. டாட் (DOT) எனப்படும் பிரேக் திரவம் போட்ட பிரேக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், கொதிநிலை இறங்கும், நீண்ட இறக்கத்தில் லீவர் கைப்பிடிவரை வந்துவிடும். எங்கள் ஈரப்பதத்தில் ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றியே ஆக வேண்டும். மினரல் ஆயில் பிரேக்குக்கு இந்தத் தொல்லை குறைவு.

பந்தயம் எப்போதும் தொலைவில்தான். 2023 அக்டோபரில் ஆசிய மவுண்டன் பைக் சாம்பியன்ஷிப் நடந்த கேரளத்துப் பொன்முடியும் எங்களுக்கு ஒரு முழுநாள் பயணம். சனிக்கிழமை மதியத்துக்குள் போய்ச் சேர்ந்து தடத்தை இரண்டு சுற்று மெதுவாகப் பாருங்கள். முதல் சுற்றில் இறங்கி நடந்து பார்க்க வேண்டிய இடங்களை நடந்தே பாருங்கள். உதிரியாக ஒரு டிரெயிலியர் ஹேங்கர் (கியர் மாற்றியைப் பிரேமோடு பிணைக்கும் துண்டு) கண்டிப்பாக எடுத்துப் போங்கள். ஒவ்வொரு பிரேமுக்கும் ஒவ்வொரு வடிவம் என்பதால் அங்கே யாரிடமும் கடன் வாங்க முடியாது. ஞாயிறு பந்தயம் முடிந்தவன் காரை ஓட்டக் கூடாது. உடம்பு வற்றி, சாப்பிட்டதும் கண் சொருகும் நிலையில் இரவு நெடுஞ்சாலை வேண்டாம். வீட்டில் இன்னொருவருக்கு ஓட்டத் தெரிந்தால் ஸ்டியரிங் அவரிடம். இல்லையென்றால் அங்கேயே தங்கிவிட்டுத் திங்கள் காலை புறப்படுங்கள், அந்தத் திங்கள் விடுப்பைப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்த அன்றே அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.